களவுபோன முகத்துக்கு எங்கே முறையிடுவது?

கொள்ளையை மையமாகக் கொண்ட தொலைக்காட்சித் தொடர்களுக்கு உலகெங்கும் இரசிகர்கள் பெருகியுள்ள காலம் இது. வங்கியையோ நாணயச்சாலையையோ அருங்காட்சியகத்தையோ உடைத்துப் புகும் ஒரு குழு, அக்குழுவைத் துரத்தும் பொலிஸார், கடைசி நிமிடத்தில் வெளிப்படும் சூட்சுமம் என்பனவே இவற்றின் வழமையான அமைப்பாகும். 2017 ஆம் ஆண்டில் ஸ்பெயினின் தொலைக்காட்சி அலைவரிசையொன்றில் ஆரம்பமாகி, பின்னர் நெட்பிளிக்ஸ் ஊடாக உலகெங்கும் பரவிய ‘மணி ஹைஸ்ட்’ தொடர் இதற்குச் சிறந்த உதாரணமாகும். அதில் ஸ்பெயினின் அரச நாணயச்சாலைக்குள் புகுந்த கொள்ளையர்கள் ஓவியர் சல்வடோர் டாலியின் முகத்தைக் கொண்ட முகமூடிகளையும் சிவப்பு உடைகளையும் அணிந்திருந்ததுடன், தாம் பிடித்து வைத்திருந்த பணயக் கைதிகளுக்கும் அவற்றையே அணிவித்தனர். எவர் கொள்ளையர், எவர் கைதி என்பதை வெளியே சூழ்ந்து நின்ற பொலிஸாரால் பிரித்தறிய முடியாமற் போயிற்று.

முகத்தை மறைத்தவன் தப்பிக்கொள்கிறான், முகத்தைக் காட்டியவன் அகப்பட்டுக்கொள்கிறான் என்பதே இக்கதைகளின் அடிப்படை விதியாகும். அண்மைக் காலத் தொடர்களில் இந்த விதி கணினியின் கைக்கு மாறியிருக்கிறது. சுவரில் பொருத்தப்பட்ட கமரா ஒன்று சனக்கூட்டத்தை நோட்டமிடுகின்றது. திரையில் ஆயிரக்கணக்கான முகங்கள் ஓடி மறைகின்றன. சில விநாடிகளில் ஒரு முகம் மாத்திரம் நின்று, அதற்குரியவரின் பெயரும் விலாசமும் பழைய குற்றப் பதிவுகளும் அருகே தோன்றுகின்றன. கதாநாயகர்களான கொள்ளையர்கள் அந்தக் கணினிக்குள் ஊடுருவி அதனை ஏமாற்றுகின்றனர். பார்வையாளர்கள் கைதட்டி மகிழ்கின்றனர்.

இக்காட்சிகள் இரண்டு கருத்துகளைச் சந்தடியின்றி எமது மனதில் பதித்துவிடுகின்றன. முதலாவது, இயந்திரம் ஒருபோதும் தவறு செய்யாது என்பது. இரண்டாவது, அந்த இயந்திரத்தினால் அஞ்சவேண்டியவர்கள் குற்றவாளிகள் மாத்திரமே என்பது. திரைக்கு வெளியே கடந்த சில ஆண்டுகளில் நிகழ்ந்தவற்றை ஆராய்ந்து பார்த்தால் இவ்விரண்டுமே உண்மைக்குப் புறம்பானவை என்பது தெளிவாகும். இயந்திரம் தவறு செய்கின்றது. அத்தவறில் அகப்பட்டுக்கொள்பவர்கள், கணினியை ஏமாற்றும் வித்தை எதையும் அறியாத சாதாரண குடிமக்களே. அதுமட்டுமன்றி, அந்த இயந்திரத்துக்கு உணவாகும் கோடிக்கணக்கான முகங்கள் உரியவர்களின் அனுமதியின்றி எடுக்கப்பட்டவை என்ற உண்மையை இத்தொடர்கள் பெரும்பாலும் தொடுவதேயில்லை.

முக அடையாளத் தொழில்நுட்பம் இயங்கும் விதத்தைச் சற்று விளங்கிக்கொள்வது இங்கு அவசியமாகும். கணினி ஒரு முகத்தை மனிதர் பார்ப்பது போன்று பார்ப்பதில்லை. முகத்தின் அமைப்பை அது எண்களின் ஒரு வரிசையாக மாற்றிக்கொள்கின்றது. ஏற்கனவே சேமிக்கப்பட்டுள்ள முகங்களின் எண் வரிசைகளுடன் அதனை ஒப்பிட்டு, இரண்டுக்கும் இடையிலான ஒற்றுமைக்கு ஒரு புள்ளியை வழங்குகின்றது. எத்தனை புள்ளிகளுக்கு மேல் இருந்தால் ‘இவர்தான் அவர்’ எனக் கொள்ளலாம் என்பதைத் தீர்மானிப்பவர் அந்த இயந்திரத்தைப் பயன்படுத்தும் மனிதரே. எல்லையை உயர்த்தினால் உண்மையான குற்றவாளி தப்பிவிடக்கூடும். தாழ்த்தினால் நிரபராதிகள் அகப்படுவர். ஆகவே இயந்திரம் கூறுவது ஒரு சாத்தியக்கூற்றை மாத்திரமே. ‘இவர் அவரைப் போன்றிருக்கிறார்’ என்று இயந்திரம் கூறுவதை ‘இவர்தான் அவர்’ என்று அதிகாரிகள் எடுத்துக்கொள்வதிலேயே ஆபத்து ஆரம்பமாகின்றது.

இத்தொழில்நுட்பத்தின் பயன்பாட்டில் இரு வகைகள் உள்ளன. கைத்தொலைபேசியைத் திறப்பதற்கு எமது முகத்தைக் காட்டும்போது, ஒரு முகம் ஒரேயொரு முகத்துடன் மாத்திரம் ஒப்பிடப்படுகின்றது. விமான நிலையத்தில் கடவுச்சீட்டிலுள்ள படத்தையும் பயணியின் முகத்தையும் ஒப்பிடுவதும் இத்தகையதே. அங்கு சம்பந்தப்பட்டவருக்கு விடயம் தெரியும். தவறு நேர்ந்தால் உடனேயே திருத்திக்கொள்ளலாம். இரண்டாவது வகையில், வீதியில் செல்லும் ஒருவரது முகம் இலட்சக்கணக்கான முகங்களுடன் ஒப்பிடப்படுகின்றது. அவருக்கு அது தெரியாது. தவறு நேர்ந்தால் பொலிஸார் வீட்டு வாசலுக்கு வந்த பின்னரே தெரியவரும்.

சிறியதொரு கணக்கைப் பார்ப்போம். நாளாந்தம் பத்தாயிரம் பேர் வந்துபோகும் பஸ் நிலையமொன்றில் இத்தகைய கமரா பொருத்தப்பட்டுள்ளதாக வைத்துக்கொள்வோம். ஆயிரம் பேரில் ஒருவரை மாத்திரமே அது தவறாக இனங்காணும் எனவும் கொள்வோம். கேட்பதற்கு இது மிகத் துல்லியமானதாகத் தோன்றும். ஆனால், நாளொன்றுக்கு பத்து நிரபராதிகள் சந்தேகநபர்களாகின்றனர். ஆண்டொன்றில் இந்தத் தொகை மூவாயிரத்து அறுநூற்றைம்பதாகும். தேடப்படும் நபரோ அந்த நிலையத்துக்கு ஆண்டில் ஒருதடவை வந்தாலே அதிகம். அதாவது, இயந்திரம் எழுப்பும் எச்சரிக்கைகளில் மிகப் பெரும்பாலானவை பொய்யானவையாகவே அமையும்.

இது வெறும் கணக்கு அன்று. அமெரிக்காவின் டெட்ரொய்ட் நகரில் உள்ள கடையொன்றில் 2018 ஒக்டோபரில் ஐந்து கைக்கடிகாரங்கள் களவாடப்பட்டன. அவற்றின் பெறுமதி 3,800 டொலர். தொலைக்காட்சிக் கொள்ளையர் திரும்பியும் பார்க்காத தொகை அது. கடையின் கமராவில் பதிவான தெளிவற்ற படம் கணினிக்குக் கொடுக்கப்பட்டபோது, சாரதி அனுமதிப்பத்திரப் படங்களிலிருந்து கறுப்பினத்தவர் ஒருவரின் முகத்தை அது தெரிவுசெய்தது. களவு நடந்தபோது கடையில் இல்லாதிருந்த பாதுகாப்பு ஊழியர் ஒருவரிடம் ஆறு படங்கள் காட்டப்பட்டன. கமராப் பதிவை மாத்திரம் பார்த்திருந்த அவர், கணினி தெரிவுசெய்த அதே படத்தையே சுட்டிக்காட்டினார். 2020 ஜனவரியில் அந்த மனிதர் தமது வீட்டு வாசலில், மனைவியினதும் இரு சிறு பெண் பிள்ளைகளினதும் கண்முன்னே விலங்கிடப்பட்டு அழைத்துச்செல்லப்பட்டார். ஏறத்தாழ 30 மணித்தியாலங்கள் தடுத்து வைக்கப்பட்டிருந்தார். கடைக் கமராவின் படத்தை அவரது முகத்துக்கு அருகில் வைத்துப் பார்த்திருந்தால் இருவரும் ஒருவரல்லர் என்பது எவருக்கும் விளங்கியிருக்கும். ஆயினும் கைது செய்வதற்கு முன்னர் எவரும் அதனைச் செய்யவில்லை.

குற்றச்சாட்டுகள் பின்னர் கைவிடப்பட்டன. அவர் தொடுத்த வழக்கு 2024 ஜூனில் இணக்கத்துக்கு வந்தபோது, நகர நிர்வாகம் 300,000 டொலர் நட்டஈடு வழங்க ஒப்புக்கொண்டது. கணினியின் முடிவை மாத்திரம் ஆதாரமாகக் கொண்டு எவரையும் கைது செய்வதில்லை என்றும், கணினி காட்டிய படத்தை அப்படியே சாட்சிகளிடம் காட்டி அடையாள அணிவகுப்பு நடத்துவதில்லை என்றும் டெட்ரொய்ட் பொலிஸார் உடன்பட்டனர். ஆனால், அதற்கு இடைப்பட்ட காலத்தில், 2023 பெப்ரவரியில், எட்டு மாதக் கர்ப்பிணியான கறுப்பினப் பெண்ணொருவரும் அதே நகரில் இவ்வாறே தவறாகக் கைதுசெய்யப்பட்டிருந்தார். வாகனக் கொள்ளை அவர்மீது சுமத்தப்பட்ட குற்றமாகும்.

பாதிக்கப்பட்ட இருவரும் கறுப்பினத்தவர்களாக இருந்தமை தற்செயலானதல்ல. அமெரிக்காவின் தேசிய தர நிர்ணய மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2019 டிசெம்பரில் வெளியிட்ட ஆய்வில், 99 தயாரிப்பாளர்களின் 189 கணினி முறைகள் பரிசோதிக்கப்பட்டன. அவற்றில் பலவற்றில், ஒருவரை வேறொருவராகக் கொள்ளும் தவறு, வெள்ளையினத்தவருடன் ஒப்பிடுகையில் ஆசிய மற்றும் கறுப்பின முகங்களில் 10 முதல் 100 மடங்கு வரை அதிகமாக இருந்தது. அதேவேளை, சீனாவில் உருவாக்கப்பட்ட சில முறைகள் கிழக்காசிய முகங்களை நன்கு இனங்கண்டன. எந்த முகங்களைக் கொண்டு இயந்திரம் பயிற்றப்பட்டதோ அந்த முகங்களை அது நன்கு அறிகின்றது என்பதற்கு இது ஒரு சான்றாகும். எமது முகங்களைப் போன்ற முகங்களில் பரீட்சிக்கப்படாத ஓர் இயந்திரம் எமது வீதிகளுக்குக் கொண்டுவரப்படுமாயின் விளைவு எவ்வாறிருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

இந்த ஆபத்து பொலிஸாருடன் நின்றுவிடவில்லை. அமெரிக்காவின் பெரிய மருந்தக வலையமைப்புகளில் ஒன்றாகவிருந்த ரைட் எய்ட் நிறுவனம், 2012 முதல் 2020 வரை நூற்றுக்கணக்கான கடைகளில் இத்தகைய கமராக்களை வைத்திருந்தது. களவெடுப்பவர்கள் எனத் தவறாக இனங்காணப்பட்ட வாடிக்கையாளர்களை ஊழியர்கள் பின்தொடர்ந்தனர். பிறர் முன்னிலையில் குற்றஞ்சாட்டினர். பதினொரு வயதுச் சிறுமியொருத்திகூட நிறுத்திச் சோதனையிடப்பட்டாள். அமெரிக்க மத்திய வர்த்தக ஆணைக்குழு 2023 டிசெம்பரில், இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதற்கு அந்நிறுவனத்துக்கு ஐந்தாண்டுத் தடையை விதித்தது. கறுப்பினத்தவரும் ஆசியரும் அதிகமாக வாழும் பகுதிகளிலேயே பொய் எச்சரிக்கைகள் கூடுதலாக இருந்தன என அந்த ஆணைக்குழு சுட்டிக்காட்டியிருந்தது.

இனி, இந்த முகங்கள் எங்கிருந்து வந்தன என்ற கேள்விக்கு வருவோம். 2020 ஜனவரியில் நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகை, கிளியர்வியூ ஏஐ என்ற நிறுவனத்தைப் பற்றிய தகவல்களை வெளிக்கொணர்ந்தது. பேஸ்புக், யூடியூப் உள்ளிட்ட தளங்களிலிருந்து 300 கோடிக்கும் மேற்பட்ட படங்களை எவரிடமும் கேளாமல் அள்ளியெடுத்து, அந்நிறுவனம் ஒரு பெரும் தேடற் களஞ்சியத்தை அமைத்திருந்தது. திருமண வைபவத்தில் எடுத்த படம், பாடசாலை விளையாட்டுப் போட்டியில் எடுத்த படம், நண்பர் ஒருவர் தமது பக்கத்தில் இட்ட படம் எல்லாமே அதற்குள் அடங்கும். நூற்றுக்கணக்கான சட்ட அமுலாக்கப் பிரிவுகள் அதனைப் பயன்படுத்தின. 2024 செப்டெம்பரில் நெதர்லாந்தின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை அந்நிறுவனத்துக்கு 3 கோடியே 5 இலட்சம் யூரோ தண்டம் விதித்தபோது, அதன் களஞ்சியத்தில் 3,000 கோடிக்கும் அதிகமான படங்கள் இருந்தன. இத்தாலி, கிரேக்கம், பிரான்ஸ் ஆகிய நாடுகள் 2022 ஆம் ஆண்டிலேயே தலா 2 கோடி யூரோ தண்டம் விதித்திருந்தன.

உலகின் எந்தக் கொள்ளைத் தொடரிலும் இவ்வளவு பெரிய கொள்ளை சித்திரிக்கப்பட்டதில்லை எனலாம். சுரங்கம் தோண்டப்படவில்லை, பாதுகாப்புப் பெட்டகம் உடைக்கப்படவில்லை, துப்பாக்கி ஏந்தப்படவில்லை. பொருளுக்கு உரியவர்களுக்கு அது பறிபோனதே தெரியாது. தெரிந்திருந்தாலும் எந்தப் பொலிஸ் நிலையத்தில் முறையிடுவது? அந்தப் பொருளை விலைக்கு வாங்கியவர்களில் பொலிஸாரும் அடங்குவரே!

இவ்வாறு சேர்த்து வைக்கப்பட்டவை பத்திரமாக இருக்கின்றனவா என்றால் அதுவும் இல்லை. 2020 பெப்ரவரியில் கிளியர்வியூ நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலே வெளியாரால் களவாடப்பட்டது. அதற்கு முன்னர், 2019 ஆம் ஆண்டில் அமெரிக்க சுங்க மற்றும் எல்லைப் பாதுகாப்புப் பிரிவின் ஒப்பந்தக்காரர் ஒருவரது கணினி வலையமைப்பிலிருந்து, எல்லையைக் கடந்த பயணிகளின் சுமார் 184,000 முகப்படங்கள் களவாடப்பட்டன. வங்கி அட்டை களவுபோனால் அதனை இரத்துச் செய்து புதிய அட்டையொன்றைப் பெறலாம். கடவுச்சொல் வெளியானால் மாற்றிக்கொள்ளலாம். முகத்தை இரத்துச் செய்து வேறொரு முகத்தைப் பெற எவராலும் முடியாது. ஒருமுறை கைமாறிய முகம் ஆயுள் முழுவதற்கும் கைமாறியதாகவே இருக்கும். மற்றைய தனிப்பட்ட தகவல்களுக்கு வழங்கப்படும் பாதுகாப்பைவிட முகத்துக்குக் கூடுதலான பாதுகாப்பு வேண்டும் என்று சட்ட அறிஞர்கள் கோருவது இதனாலேயே.

இத்தொழில்நுட்பத்தினால் நன்மையே இல்லை என வாதிடுவது நேர்மையாகாது. காணாமற்போன பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவும், போலிக் கடவுச்சீட்டில் பயணிப்போரை இனங்காணவும், பாரதூரமான குற்றங்களில் ஈடுபட்டோரைத் தேடவும் இது உதவக்கூடும். 2018 ஏப்ரலில் டில்லி பொலிஸார் பரீட்சார்த்தமாக இதனைப் பயன்படுத்தி, நான்கு நாட்களில் காணாமற்போன சுமார் 3,000 பிள்ளைகளை இனங்கண்டதாக அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு ஓகஸ்டில், இம்முறையின் துல்லியம் 2 வீதம் மாத்திரமே என டில்லி மேல் நீதிமன்றத்தில் தெரிவிக்கப்பட்டது. நன்மை பற்றிய அறிவிப்பு பெரிய எழுத்துகளிலும், நீதிமன்றத்தில் வெளிவந்த உண்மை சிறிய எழுத்துகளிலும் பிரசுரமாவதே இத்துறையின் வழமையாக இருந்துவருகின்றது.

பாதுகாப்பு என்ற பெயரில் ஓர் இனத்தின்மீதோ ஒரு மதத்தினர்மீதோ இது திருப்பப்படும்போது நிலைமை மேலும் மோசமாகின்றது. சீனாவில் உய்குர் முஸ்லிம்களைத் தனியாக இனங்கண்டு அவர்களது நடமாட்டங்களைப் பின்தொடர்வதற்கு இத்தொழில்நுட்பம் பயன்படுத்தப்படுவதை 2019 ஏப்ரலில் நியூயோர்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. ஆக்கிரமிக்கப்பட்ட மேற்குக் கரையின் ஹெப்ரோன் நகர சோதனைச் சாவடிகளில் ‘சிவப்பு ஓநாய்’ என்ற முறையின் மூலம் பலஸ்தீனர்களின் முகங்கள் அவர்களது சம்மதமின்றிப் பதிவுசெய்யப்படுவதை சர்வதேச மன்னிப்புச் சபை 2023 மே மாதத்தில் ஆவணப்படுத்தியது. தமது சொந்த வீட்டுக்குச் செல்லும் வழியில் ஒருவர் அனுமதிக்கப்படுவாரா, தடுக்கப்படுவாரா என்பதைத் திரையொன்று கூறும் நிலை அங்கு ஏற்பட்டிருந்தது.

சோதனைச் சாவடி என்பது எமக்கு அந்நியமான சொல் அன்று. யுத்த காலத்தில் வடக்கு கிழக்கில் சுற்றிவளைப்புகளை அனுபவித்தவர்களுக்கு ‘தலையாட்டி’ என்ற சொல்லை விளக்கவேண்டியதில்லை. ஊரையே மைதானமொன்றில் கூட்டி வரிசையில் நிறுத்துவார்கள். முகம் மறைக்கப்பட்ட ஒருவர் முன்னால் ஒவ்வொருவராக நடந்துசெல்ல வேண்டும். அவர் தலையை ஆட்டினால் வரிசையிலிருந்து பிரித்தெடுக்கப்படுவார்கள். அவ்வாறு கொண்டுசெல்லப்பட்ட சிலர் வீடு திரும்பவேயில்லை. ஏன் தலையாட்டினார் என்று அந்த மனிதரிடம் கேட்க முடியாது. அவர் யாரென்றும் தெரியாது. தவறாகத் தலையாட்டியிருந்தால் அதற்குப் பொறுப்புக்கூறுபவரும் இல்லை. எண்பதுகளின் பிற்பகுதியில் தென்னிலங்கையின் சிங்கள இளைஞர்களும் இதே கொடுமைக்கு உள்ளாகினர்.

கேள்வி கேட்க முடியாத, காரணம் கூறாத, பொறுப்பேற்காத முக அடையாளக் கமராவானது அந்தத் தலையாட்டியின் இடத்தையே எடுத்துக்கொள்ளும். அன்றைய தலையாட்டி வரிசையில் நின்ற சில நூறு பேரை மாத்திரமே பார்த்தார். இன்றைய இயந்திரம் நாடு முழுவதையும், இரவுபகல் ஓயாமல் பார்க்கக்கூடியது. அது எவர்மீதும் பகைமையோ அச்சமோ கொண்டதன்று என்பது உண்மையே. ஆனால், அதன் பட்டியலில் எவரது முகத்தைச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிப்பவர்கள் மனிதர்களே.

முகமொன்றைத் தவறாகக் கொள்வதன் விலை என்ன என்பதை 2019 ஏப்ரல் மாதமும் எமக்குக் காட்டியது. உயிர்த்த ஞாயிறு தாக்குதல்களை அடுத்து, பொலிஸார் தேடப்படுவோரின் பெயர்களையும் படங்களையும் வெளியிட்டனர். அவற்றில் ஒன்று, தாக்குதல்களுடன் எவ்விதத் தொடர்பும் அற்ற, இலங்கைப் பெற்றோருக்குப் பிறந்த அமெரிக்க முஸ்லிம் மாணவி ஒருவரின் படமாகும். சில மணித்தியாலங்களில் பொலிஸார் தவறை ஏற்றுக்கொண்டு திருத்தம் வெளியிட்டனர். ஆனால், அதற்குள் அந்தப் படம் உலகைச் சுற்றிவிட்டது. அவரையும் அவரது குடும்பத்தினரையும் நோக்கி அச்சுறுத்தல்கள் எழுந்தன. ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பால் பல்கலைக்கழகத்தில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவருக்கே இந்நிலையென்றால், அந்த நாட்களில் எமது நாட்டின் ஊரொன்றில் வசித்த முஸ்லிம் பெண்ணொருவருக்கு இது நேர்ந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்பதைச் சிந்தித்துப் பார்க்கவேண்டும். அதே மாதம் 29 ஆம் திகதி முதல், அவசரகால விதிகளின் கீழ் முகத்தை மூடும் ஆடைகள் தடைசெய்யப்பட்டதையும் இங்கு நினைவுகூரலாம். முகத்தைத் திறந்து வைக்குமாறு கட்டளையிடும் அதிகாரம் அரசுக்கு உண்டெனில், திறந்த முகத்தைப் பாதுகாக்கும் கடமையும் அதற்கு உண்டு.

இவற்றின் பின்னணியிலேயே எமது நாட்டின் டிஜிட்டல் அடையாளத் திட்டத்தை நோக்கவேண்டியுள்ளது. முகம், கைவிரல் அடையாளம், கருவிழி ஆகியவற்றின் பதிவுகளை உள்ளடக்கிய தனித்துவ டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டத்துக்கு இந்தியா நன்கொடை வழங்குகின்றது. இதன் முற்பணமாக 45 கோடி இந்திய ரூபா 2023 ஓகஸ்டில் கையளிக்கப்பட்டது. அரச சேவைகளை இலகுவாக்குவதே இதன் நோக்கமென விளக்கமளிக்கப்பட்டது. பிரதேச செயலகத்திலும் வைத்தியசாலையிலும் வரிசையில் காத்துநிற்கும் மக்களுக்கு அது நன்மை தருமாயின் வரவேற்கத்தக்கதே. எனினும் ஒரு நோக்கத்துக்காகத் திரட்டப்படும் முகங்கள் வேறொரு நோக்கத்துக்குப் பயன்படுத்தப்படாது என்ற உத்தரவாதம் எங்கே என்பதே கேள்வியாகும். டெட்ரொய்ட்டில் கைதானவர் சாரதி அனுமதிப்பத்திரத்துக்காகவே தமது படத்தைக் கொடுத்திருந்தார் என்பதை மறந்துவிடலாகாது.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இவ்விடயத்தில் ஒரு முக்கிய முன்னேற்றம் என்பதில் சந்தேகமில்லை. முகம் போன்ற உயிரியல் தரவுகளை அது விசேட வகைக்குள் அடக்குகின்றது. ஆயினும், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பிரிவுகள் பிற்போடப்பட்டன. தேசிய பாதுகாப்பு, பொதுப் பாதுகாப்பு, குற்ற விசாரணை போன்ற காரணங்களுக்காக விதிவிலக்குகளுக்கும் அச்சட்டம் இடமளிக்கின்றது. எமது நாட்டின் வரலாற்றில் ‘தேசிய பாதுகாப்பு’ என்ற சொற்றொடருக்குள் எவ்வளவெல்லாம் அடங்கியிருக்கின்றன என்பதைத் தமிழரும் முஸ்லிம்களும் நன்கறிவர். அந்தரங்கத்துக்கான உரிமை எமது 1978 அரசியலமைப்பின் அடிப்படை உரிமைகள் அத்தியாயத்தில் வெளிப்படையாக இடம்பெறவில்லை. இந்திய உயர் நீதிமன்றத்தின் ஒன்பது நீதியரசர்கள் கொண்ட ஆயம் 2017 ஓகஸ்டில் அதனை அடிப்படை உரிமையாகப் பிரகடனப்படுத்தியமை இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கது.

பிற நாடுகள் இதற்கு எல்லை வகுக்க முயன்றுள்ளன. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2019 மே மாதத்தில் தனது பொலிஸார் உள்ளிட்ட நகர நிர்வாகப் பிரிவுகள் இத்தொழில்நுட்பத்தைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. பிரிட்டனில் தெற்கு வேல்ஸ் பொலிஸார் பொது இடங்களில் இதனைப் பயன்படுத்திய விதம் சட்டவிரோதமானது என 2020 ஓகஸ்டில் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. எவரைப் பட்டியலில் சேர்ப்பது, எங்கே கமராவை நிறுத்துவது என்பன பொலிஸ் அதிகாரிகளின் விருப்பத்துக்கு மிகையாக விடப்பட்டிருந்தமையும், இனப் பாகுபாடு உள்ளதா என முறையாக ஆராயப்படாமையும் அத்தீர்ப்புக்கான காரணங்களுள் அடங்கும். இணையத்திலிருந்து முகங்களை வகைதொகையின்றி அள்ளிக் களஞ்சியம் அமைப்பதை ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம் 2025 பெப்ரவரி 2 ஆம் திகதி முதல் தடைசெய்தது. பொது இடங்களில் பொலிஸார் உடனுக்குடன் முகங்களை இனங்காண்பதையும், குறிப்பிட்ட சில விதிவிலக்குகள் தவிர, அச்சட்டம் தடுக்கின்றது.

இவற்றிலிருந்து நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை கடினமானவை அல்ல. முதலாவதாக, முக அடையாளத் தொழில்நுட்பத்தைப் பொலிஸாரோ பாதுகாப்புத் தரப்பினரோ பயன்படுத்துவதானால், அது பாராளுமன்றம் இயற்றும் தெளிவான சட்டமொன்றின் கீழேயே நடைபெற வேண்டும். சுற்றுநிருபங்களும் அமைச்சின் அறிவித்தல்களும் அதற்குப் போதுமானவை அல்ல. இரண்டாவதாக, கணினியின் முடிவு விசாரணைக்கான ஒரு தடயமாக மாத்திரமே கொள்ளப்படவேண்டும். அதனை மாத்திரம் வைத்து எவரும் கைதுசெய்யப்படலாகாது. தமக்கெதிராக அது பயன்படுத்தப்பட்டதென்பதைச் சந்தேகநபரும் அவரது சட்டத்தரணியும் அறிந்துகொள்ளும் உரிமை வேண்டும். மூன்றாவதாக, அடையாள அட்டைக்காக வழங்கப்பட்ட முகம் வேறெந்தத் தேடுதலுக்கும் பயன்படுத்தப்படக் கூடாது. எவ்வளவு காலம் வைத்திருப்பது, எப்போது அழிப்பது என்பன முன்கூட்டியே அறிவிக்கப்பட வேண்டும். நான்காவதாக, இலங்கையின் சகல இனத்தவரதும் முகங்களில் அந்த இயந்திரத்தின் துல்லியம் சுயாதீனமாகப் பரிசோதிக்கப்பட்டு, பெறுபேறுகள் சிங்களம், தமிழ் ஆகிய இரு மொழிகளிலும் ஆங்கிலத்திலும் வெளியிடப்பட வேண்டும். தவறாக இனங்காணப்பட்டவருக்கு நட்டஈடு வழங்கும் ஏற்பாடும் சட்டத்திலேயே இருக்கவேண்டும்.

‘மறைப்பதற்கு ஒன்றுமில்லாதவன் ஏன் அஞ்சவேண்டும்?’ என்று சிலர் கேட்கக்கூடும். டெட்ரொய்ட்டில் கைதானவரிடமும் மறைப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. மருந்தகத்தில் சோதனையிடப்பட்ட பதினொரு வயதுச் சிறுமியிடமும் இருக்கவில்லை. தலையாட்டியின் முன்னால் நடந்துசென்ற எமது ஊரவர்களில் பெரும்பாலானோரிடமும் இருக்கவில்லை. அவர்களைக் காப்பாற்றக்கூடியதாக இருந்தது, அதிகாரத்தைக் கேள்வி கேட்கும் உரிமை மாத்திரமே. அந்த உரிமை கிடைக்காத இடத்தில் நிரபராதி என்பதனால் மட்டும் எவரும் தப்பிவிடவில்லை.

தொலைக்காட்சித் தொடர்களில் கொள்ளைக் குழுவினர் எப்படியோ தப்பிக்கொள்வர். அவர்களிடம் முகமூடியும் கணினி வித்தகரும் கதாசிரியரின் கருணையும் உண்டு. சாதாரண குடிமகனிடம் இருக்கக்கூடிய ஒரேயொரு பாதுகாப்பு சட்டமாகும். கமராக்கள் பொருத்தப்பட்டு, பட்டியல்கள் தயாராகி, முதலாவது தவறான கைது நிகழ்ந்த பின்னர் அந்தச் சட்டத்தைத் தேடுவதில் பயனில்லை. தரவுப் பாதுகாப்பு ஏற்பாடுகளை முழுமையாக நடைமுறைப்படுத்தி, தேசிய பாதுகாப்பு என்ற விதிவிலக்கின் எல்லைகளைத் தெளிவாக வரையறுத்த பின்னரே மக்களின் முகங்களைத் திரட்டவேண்டும் என்று எமது பாராளுமன்ற உறுப்பினர்களும் சட்டத்தரணிகளும் சிவில் அமைப்புகளும் ஒரே குரலில் வலியுறுத்துவது அவசியமாகும். இது ஓர் இனத்தின் கோரிக்கையாக அன்றி, இந்நாட்டில் முகமுள்ள ஒவ்வொருவரினதும் கோரிக்கையாக முன்வைக்கப்பட வேண்டியதாகும்.